வோட்காவின் தரம் பார்த்த வரலாறு

வோட்காவின் தரத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. திராட்சை மதுவுக்கு நிறம் உண்டு; விஸ்கிக்கு ஓக் பீப்பாயில் கிடந்த ஆண்டுக்கணக்கு உண்டு. வோட்கா கிணற்றுநீர் போலத் தெளிந்து நிற்கும். நல்லதும் கெட்டதும் ஒரே தோற்றம்தான். அதனால் அதை வடித்துக் குடித்த நாடுகள் காலத்துக்கு ஒரு சோதனையை வகுத்துக்கொண்டன. முதலில் கொளுத்திப் பார்த்தார்கள். பிறகு கரியில் வடிகட்டினார்கள். அதன் பிறகு அரசின் அரக்கு முத்திரையை நம்பினார்கள். இன்று வார்சாவிலோ ஹெல்சிங்கியிலோ ஒரு பயணி கடையில் எடுத்துப் பார்க்கும் புட்டியின் மேல், அந்தச் சோதனைகள் ஒவ்வொன்றும் சிறிய எழுத்தாகவோ எண்ணாகவோ எஞ்சியிருக்கிறது.

ஸ்லாவிய மொழிகளில் ‘வோதா’ என்றால் தண்ணீர். ‘வோட்கா’ அதன் குறுக்கப் பெயர். சின்னத் தண்ணீர் என்று பொருள்படும். போலந்தில் சாந்தோமியர்ஸ் நகரின் 1405-ஆம் ஆண்டு நீதிமன்றப் பதிவில் இந்தச் சொல் வருகிறது. ஆனால் அங்கே அது இன்றைய மதுவைக் குறிக்கவில்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. சொல்லின் பழைய பொருள் மருந்துக் கடையைச் சேர்ந்தது. கிராக்கோவ் நகரில் 1534-இல் ஸ்தெபான் பலிமிர்ஷ் வெளியிட்ட மூலிகை நூல், செடிகொடிகளோடு சேர்த்து வடித்த பல வோட்காக்களை நோய்க்கு மருந்தாகச் சொல்கிறது. நம் ஊரில் ஓமத் தீநீர் வடிப்பதை அறிந்தவர்களுக்கு இந்த மரபு அந்நியமாகத் தோன்றாது. சாராயமாகக் குடித்த பொருளுக்கு அப்போது வேறு பெயர்கள் இருந்தன. போலந்துக்காரர்கள் ‘கொஷாவ்கா’ என்றார்கள். உக்ரைனியர் ‘ஹொரில்கா’ என்றார்கள். இரண்டும் ‘எரிதல்’ என்ற வேரிலிருந்து பிறந்தவை. ரஷ்யாவில் 19-ஆம் நூற்றாண்டு வரை அதன் சட்டப்பெயர் ‘தானிய ஒயின்’ என்பதுதான்.

முதலில் வடித்தது போலந்தா ரஷ்யாவா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ரஷ்ய எழுத்தாளர் வில்லியம் போஹ்லியோப்கின் 1991-இல் வெளியிட்ட வோட்கா வரலாறு, 15-ஆம் நூற்றாண்டு மாஸ்கோவுக்கே அந்தப் பெருமையைத் தருகிறது. இவ்விரு நாடுகளுக்கும் இடையே பன்னாட்டு நடுவர் தீர்ப்பு ஒன்று நடந்ததாகவும் அந்த நூல் சொல்கிறது. அதற்கு ஆவணச் சான்று கிடைக்காததால் ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. வடிக்கும் கலை மருத்துவர்கள், துறவிகள், வணிகர்கள் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே மெல்ல நகர்ந்தது. ஒரு ஆண்டையும் ஒரு ஊரையும் பிறப்பிடமாகக் குறிப்பது வீண் முயற்சி.

பழைய தானியச் சாராயம் இன்றைய வோட்காவைப் போல இருந்திருக்காது. ரை என்னும் தானியத்தை முளைகட்டி, மாவாக்கி, புளிக்கவைத்து, செப்பு வாலையில் இரண்டு மூன்று முறை வடிப்பார்கள். ரொட்டியின் வாசனையும் ஊறல் வாடையும் பியூசல் எண்ணெய் எனப்படும் கனத்த ஆல்கஹால்களின் நெடியும் அதில் கலந்திருக்கும். அந்த நெடியை மறைக்கவே தேன், சோம்பு, மிளகு, மூலிகை வேர்கள் சேர்க்கும் வழக்கம் வளர்ந்தது. போலந்தின் கிழக்கே பியாவோவியேஷா காட்டில் காட்டெருமைகள் திரியும் வெளிகளில் வளரும் ஒரு மணப்புல்லை ஊறவைத்துச் செய்யும் ‘ஷுப்ரூவ்கா’ அந்த வழக்கத்தின் எச்சம். அந்தப் புல்லில் இயல்பாக உள்ள கூமரின் என்ற பொருளைக் காரணம் காட்டி 1978-இல் அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடுத்தது.

மணத்தை மறைக்கலாம், ஆனால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பது வாங்குகிறவனுக்கும் வரி வசூலிக்கிற அரசுக்கும் தெரிந்தாக வேண்டும். இதற்கு ரஷ்யாவில் கண்ட வழி நெருப்பு. குறிப்பிட்ட அளவுள்ள செம்புப் பாத்திரத்தில் சாராயத்தை ஊற்றிச் சூடாக்கிக் கொளுத்துவார்கள். ஆல்கஹால் எரிந்து தீர்ந்ததும் சுடர் அணையும். எஞ்சிய நீர் முதல் அளவில் சரிபாதி இருந்தால் சரக்கு முறையானது. அதற்குப் ‘போலுகார்’ என்று பெயர். ‘பாதி எரிந்தது’ என்று பொருள். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 38 சதவீத ஆல்கஹால். எஞ்சியது பாதிக்கு மேல் என்றால் கடைக்காரன் தண்ணீர் சேர்த்திருக்கிறான். எளிய சோதனைதான், யார் கண்ணுக்கும் தெரிவது என்பதால் அதில் ஏமாற்றுவது கடினம்.

இதுபோலவே பிரிட்டனில் வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துப் பற்றவைக்கும் சோதனை இருந்ததாக மரபு சொல்கிறது. ‘ப்ரூஃப்’ என்ற அளவு அதிலிருந்து வந்தது. பற்றிக்கொள்ளும் வலிமை பிற்காலக் கணக்கில் 57.1 சதவீதம். அதில் நான்கில் மூன்று பங்கு 42.8 சதவீதம். இந்தியாவில் விற்கும் வோட்கா, பிராந்தி, ரம் புட்டிகளில் 42.8 என்ற விநோதமான எண் அச்சாகியிருப்பது இதனால்தான். ஐரோப்பாவில் வோட்கா வாங்கும் பயணிக்கு அந்த எண் கண்ணில் படாது. அங்கே பெரும்பாலும் 40, சட்டப்படி 37.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது.

ரஷ்ய அரசு கருவூலம் சாராயத்தை நம்பியே நின்றது. இரண்டாம் கேதரின் 1765-இல் வடிக்கும் உரிமையைப் பிரபுக்களுக்கு மட்டும் கொடுத்தார். விற்கும் உரிமை குத்தகைக்காரர்களிடம் போனது. அவர்கள் அரசுக்கு முன்பணம் கட்டிவிட்டு, போட்ட பணத்தைக் குடியானவனிடம் பலமடங்காகப் பிடித்தார்கள். சரக்கில் தண்ணீர், அளவில் குறைவு, விலையில் ஏற்றம். 1858-இலும் 1859-இலும் பல மாகாணங்களில் கிராமம் கிராமமாகக் கூடி இனிக் குடிப்பதில்லை என்று சபதம் எடுத்தார்கள். பிறகு சாராயக் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். அரசு படையை அனுப்பி அடக்கியது. கெட்டுப்போன சரக்குக்கு எதிராக இவ்வளவு பெரிய மக்கள் எழுச்சி வேறெங்கும் அரிது. 1863-இல் குத்தகை முறை நீங்கிக் கலால் வரி வந்தது.

40 சதவீதம் என்ற எண் நிலைத்ததும் அந்த ஆண்டுகளில்தான். வேதியியல் மேதை திமித்ரி மெண்டலீவ் தன் ஆய்வின் மூலம் அந்த எண்ணைக் கண்டுபிடித்தார் என்று கதை உலவுகிறது. புட்டிகளின் விளம்பரத்திலும் இடம்பெறுகிறது. அவர் 1865-இல் அளித்த ஆய்வேடு ஆல்கஹாலும் தண்ணீரும் சேரும் விதத்தைப் பற்றியது என்பது உண்மை. அது ஆராய்ந்த செறிவுகள் வோட்காவைவிட மிகுந்தவை. குடிக்கும் சுவை பற்றி அதில் பேச்சே இல்லை. 38 என்ற பழைய அளவை வரிக் கணக்கு எளிதாகவும், வழியில் ஆவியாகும் இழப்புக்கு ஈடாகவும் 40 என்று உயர்த்தியவர்கள் நிதித்துறை அதிகாரிகள். மெண்டலீவின் பெயரைப் பார்த்துப் புட்டி வாங்குகிறவர் கட்டுக்கதைக்கு விலை கொடுக்கிறார்.

வலிமை ஒருபுறம் இருக்க, நெடியைப் போக்கும் வழி 1785-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் தெரியவந்தது. தோபியாஸ் லோவிட்ஸ் என்ற மருந்தியலாளர், கரித்தூள் கரைசல்களிலுள்ள நிறத்தையும் வாடையையும் உறிஞ்சிக்கொள்வதைக் கண்டார். தானியச் சாராயத்தைக் கரியோடு கலக்கி வடித்தபோது அது மென்மையானது. பிர்ச் மரக் கரி இந்த வேலைக்கு ஏற்றதாகி, ரஷ்ய வோட்காவின் அடையாளமே ஆயிற்று. புட்டிகளில் இன்று ‘ஐந்து முறை வடிகட்டியது’, ‘வெள்ளி வடிகட்டி’ என்றெல்லாம் வரும் வாசகங்கள் லோவிட்ஸின் கரித்தூளின் வழித்தோன்றல்கள்.

19-ஆம் நூற்றாண்டில் தொடர்ந்து வடிக்கும் உயர்ந்த கோபுர வாலைகள் வந்தன. அயர்லாந்தின் ஈனியஸ் காஃபி 1830-இல் காப்புரிமை பெற்ற வாலை அவற்றில் பேர்பெற்றது. பழைய செப்பு வாலை ஒவ்வொரு ஈடாக வடிக்கும்; கோபுர வாலை இரவுபகல் நிற்காமல் 90 சதவீதத்துக்கு மேலான ஆல்கஹாலைத் தரும். இன்றைய ஐரோப்பியச் சட்டம் வோட்காவுக்கான மூல ஆல்கஹால் 96 சதவீதத்தை எட்ட வேண்டும் என்கிறது. அதில் தண்ணீர் சேர்த்து 40-க்கு இறக்குகிறார்கள். ஆகவே ‘ஏழு முறை வடித்தது’ என்ற வாசகத்துக்கு அதிகப் பொருள் இல்லை. ஒரு கோபுரத்துக்குள்ளேயே பல அடுக்குகளில் ஆவியாதலும் குளிர்தலும் மாறிமாறி நடக்கின்றன. எத்தனை முறை என்பது எண்ணுகிறவரின் விருப்பம். தூய்மை கூடியதோடு ரொட்டியின் மணமும் போயிற்று. அதை முழு லாபம் என்று சொல்ல முடியாது.

ஸ்வீடனில் இந்தத் தூய்மையே விற்பனைப் பொருளானது. லார்ஸ் ஓல்சன் ஸ்மித் 1870-களில் ஸ்டாக்ஹோம் அருகே ரைமெர்ஸ்ஹோல்மே தீவில் ஆலை வைத்து, நகரின் தனியுரிமை வணிகர்களை மீறிப் படகுகளில் ஆட்களை வரவழைத்து விற்றார். ‘பத்து மடங்கு தூய்மை’ என்று ஒரு சரக்குக்குப் பெயரிட்டார். 1879-இல் ‘முற்றிலும் தூய சாராயம்’ என்ற பெயரை வைத்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1979-இல், அந்தப் பெயரின் முதற்சொல்லோடு ஸ்வீடன் அரசு நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்பிய வோட்காதான் ‘அப்சலூட்’. புட்டியின் குட்டைக் கழுத்துப் பழைய மருந்துக் குப்பியைப் பார்த்துச் செய்தது. பலிமிர்ஷின் காலத்து மருந்துக்கடை அந்தக் கண்ணாடியில் திரும்பி வந்திருக்கிறது.

மாஸ்கோவில் பியோத்தர் ஸ்மிர்னோவ் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்து, 1860-களில் ஆலை தொடங்கி, 1886-இல் அரச மாளிகைக்குச் சரக்கு அளிக்கும் பட்டத்தைப் பெற்றார். அதுவரை சாராயம் வாளிக்கணக்கில் விற்றது. ஒரு வாளி சுமார் 12.3 லிட்டர். மூடி முத்திரையிட்ட புட்டி பரவிய பிறகுதான் செய்தவர் பெயருக்கு மதிப்பு வந்தது. ஆனால் அந்த மதிப்பை விரைவில் அரசே எடுத்துக்கொண்டது. நிதியமைச்சர் செர்கேய் வித்தே 1894-இல் தொடங்கிய அரசு ஏகபோகம், கிழக்கு மாகாணங்களில் ஆரம்பித்துச் சில ஆண்டுகளில் நாடு முழுதும் பரவியது. தனியார் வடிக்கலாம், சுத்திகரிப்பதும் புட்டியில் அடைப்பதும் விற்பதும் அரசின் வேலை. சிவப்பு அரக்கு முத்திரை சாதாரணச் சரக்கு. வெள்ளை அரக்கு கூடுதலாகச் சுத்திகரித்த, விலை கூடிய சரக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவனும் முத்திரையின் நிறத்தைப் பார்த்துத் தரத்தை அறிந்தான். முதல் உலகப்போருக்கு முன் ரஷ்ய அரசின் வருவாயில் ஏறத்தாழ கால் பங்கு இந்தப் புட்டிகளிலிருந்து வந்தது. 1914-இல் போர் தொடங்கியதும் ஜார் விற்பனையை நிறுத்தினார். கடைகளில் 40 சதவீத வோட்கா திரும்ப வந்தது சோவியத் ஆட்சியில், 1925-இல்.

போலந்திலும் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அரசு ஏகபோகமே நடந்தது. 1920-களில் அது வெளியிட்ட ‘விபொரோவா’வின் பெயருக்கே ‘தேர்ந்தெடுத்தது’ என்று பொருள். அதன் மூலப்பொருள் ரை. ‘லுக்சுசோவா’ உருளைக்கிழங்கில் செய்வது. உருளைக்கிழங்கு ஏழையின் மலிவுப் பொருள் என்ற எண்ணம் தவறு. ரையில் மாவுச்சத்து சுமார் 60 சதவீதம். உருளைக்கிழங்கில் 15 முதல் 20 சதவீதம்தான். ஒரு புட்டிக்கு மூட்டைக் கணக்கு கூடும்; அறுவடைக் காலமும் குறுகியது. நல்ல உருளைக்கிழங்கு வோட்காவின் விலை உயர்ந்திருப்பதற்கு இது காரணம்.

புரட்சிக்குப் பின் ஸ்மிர்னோவின் மகன் விளதீமிர் நாட்டைவிட்டு வெளியேறி, பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்பப் பெயரைச் ‘ஸ்மிர்னாஃப்’ ஆக்கித் தொழிலைத் தொடர்ந்தார். அமெரிக்க உரிமை கைமாறி, 1939-இல் ஹ்யூப்ளைன் நிறுவனத்தை அடைந்தது. அமெரிக்கர்கள் வோட்காவைப் பழச்சாறிலும் இஞ்சி பானத்திலும் கலந்து குடித்தார்கள். கலந்து குடிக்கும் மதுவுக்குத் தனிச்சுவை இடைஞ்சல். அதனால் அமெரிக்க விதிகளே, வோட்காவுக்குத் தனித்த மணமும் சுவையும் நிறமும் இருக்கக்கூடாது என்று வரையறுத்தன. அந்த வாசகம் 2020-இல்தான் நீக்கப்பட்டது. வோட்காவுக்குச் சுவை கிடையாது என்று உலகம் முழுக்கப் பரவிய எண்ணத்துக்கு வேர் அந்த வரையறையும் கலவைப் பழக்கமும்தான். பீட்டர்ஸ்பர்க்கும் கிராக்கோவும் அப்படிச் சொன்னதில்லை. 1997-இல் அமெரிக்க வணிகர் சிட்னி ஃபிராங்க் பிரான்சில் செய்வித்த ‘கிரே கூஸ்’ விலையையே தரத்தின் அடையாளமாக்கியது. 2004-இல் பகார்டி நிறுவனம் அதை 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

மூலப்பொருளும் சுவையும் முக்கியமில்லை என்ற இந்தப் போக்குக்கு வடக்கு நாடுகள் மறுமொழி தந்தன. போலந்து, பின்லாந்து, ஸ்வீடன், பால்டிக் நாடுகள் ஆகியவை தானியமும் உருளைக்கிழங்கும் போன்ற மரபான பொருள்களில் செய்ததற்கு மட்டுமே வோட்கா என்ற பெயர் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் கோரின. திராட்சையிலும் கரும்புப் பாகிலும் செய்யும் நாடுகள் எதிர்த்தன. ஜெர்மன் உறுப்பினர் ஹோர்ஸ்ட் ஷ்னெல்ஹார்ட் முன்வைத்த சமரசம் 2008-இல் சட்டமானது. வேறு பொருளில் செய்தால் அதைப் புட்டியில் குறிப்பிட வேண்டும். போலந்து 2013-இல் மேலும் இறுக்கியது: தன் மண்ணில் விளைந்த ரை, கோதுமை, டிரிட்டிகேலி, ஓட்ஸ், பார்லி, உருளைக்கிழங்கில் செய்து, தயாரிப்பு முழுவதும் அங்கேயே முடிந்தால்தான் ‘போல்ஸ்கா வூட்கா’, அதாவது போலந்து வோட்கா, என்ற புவிசார் குறியீடு.

இந்த வரலாறு தெரிந்தவருக்குப் புட்டியைப் படிப்பது எளிது. ‘ஜித்னியா’ என்றால் ரை. ‘ஜியெம்னியாச்சானா’ என்றால் உருளைக்கிழங்கு. ரஷ்யப் புட்டியில் ‘அல்பா’ என்றிருந்தால் கோதுமையும் ரையும் மட்டும் கொண்டு வடித்த உயர்தர ஆல்கஹால். ‘லியூக்ஸ்’, ‘எக்ஸ்ட்ரா’ ஆகியவை மற்றத் தரங்கள். ‘அல்பா’வில் நச்சு ஆல்கஹாலான மெத்தனாலுக்கு விதித்த வரம்பு மிகக் கடுமையானது. சேர்ப்புப் பொருள்களையும் பார்க்கலாம். சோவியத் காலத்து ‘ஸ்தலீச்னயா’வில் சிறிது சர்க்கரையும், ‘மஸ்கோவ்ஸ்கயா’வில் சமையல் சோடாவும் அசிட்டிக் அமிலமும் சேரும், இவை சுவையை மென்மையாக்கும் மரபான வழிகள். ஐரோப்பிய விதி லிட்டருக்கு 8 கிராம் வரை இனிப்பை அனுமதிக்கிறது. அதிக இனிப்பு மோசமான ஆல்கஹாலை மறைக்கவும் உதவும் என்பதால், உதட்டில் ஒட்டும் இனிப்பு எச்சரிக்கைக்கு உரியது.

எங்கே வாங்குவது என்பது இதைவிட முக்கியம். ஸ்வீடனில் சிஸ்டம்போலாகெட், பின்லாந்தில் ஆல்கோ, நார்வேயில் வின்மோனோபோலெட் ஆகிய அரசுக் கடைகளில்தான் பெரும்பாலும் வோட்கா கிடைக்கும். சிஸ்டம்போலாகெட்டில் 20 வயது ஆகியிருக்க வேண்டும், ஞாயிறு விடுமுறை. போலந்தில் மூடியின் மேல் ஒட்டிய கலால் பட்டை கிழியாமல் இருப்பதைப் பார்க்க வேண்டும். 2012-இல் செக் குடியரசில் போலிச் சரக்கில் மெத்தனால் கலந்து பலர் இறந்தபோது, அரசு 20 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவின் விற்பனையைச் சில நாள் முழுதும் நிறுத்தியது. மெத்தனால் விஷயத்தில் பழைய சோதனைகள் எதுவும் உதவாது. அது எரியும், நாக்குக்கும் பிடிபடாது. 40 சதவீத வோட்கா சுமார் மைனஸ் 27 டிகிரியில்தான் உறையும். எனவே வீட்டு உறைபெட்டியில் கட்டிபட்டால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லலாம். கட்டிபடாவிட்டால் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. சந்தையில், சாலையோரத்தில், முத்திரை இல்லாமல் விற்பதைத் தொடாதிருப்பது ஒன்றே காப்பு.

சுவைத்துப் பார்க்கும்போது பனிக்குளிர்ச்சி கூடாது. குளிர் மணத்தை அடக்கும், குறையையும் அடக்கும். ரஷ்ய ஆலைகளின் சுவைஞர்கள் பத்து மதிப்பெண் முறையில் தெளிவுக்கும் நிறத்துக்கும் 2, மணத்துக்கு 4, சுவைக்கு 4 என்று பிரிப்பார்கள். அறை வெப்பத்தில், வாய் குறுகிய சிறு கண்ணாடிக் குவளையில் இரண்டு விரற்கடை ஊற்றி முகர்ந்தால் நகப்பூச்சு அழிப்பானின் வாடையோ பசை வாடையோ வரக்கூடாது. ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் ஆல்கஹால் பறந்தபின் தானியத்தின் மணம் நிற்கும். பிறகு ஒரு சிறு மடக்கை நாக்கில் சில நொடி வைத்திருந்து விழுங்க வேண்டும். ரை மிளகுக் காரமும் ரொட்டிப் பொருக்கின் சுவையும் தரும். கோதுமை மென்மையாக, சில சமயம் சோம்பின் சாயலோடு இருக்கும். பின்லாந்தின் பார்லி வறண்டு, கொட்டைப் பருப்பை நினைவூட்டும். உருளைக்கிழங்கு நாக்கில் வெண்ணெய்போலப் படியும். தொண்டை சூடாகலாம், கீறக்கூடாது. மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் ஒப்பிட்டால் நாக்கு மரத்துவிடும். இடையே தண்ணீரும் ரை ரொட்டித் துண்டும் போதும்.

சாப்பாட்டு மேசையில் முறை வேறு. அங்கே நன்கு குளிர்ந்த வோட்கா, உப்பிட்ட ஹெர்ரிங் மீன், உப்புநீரில் சதகுப்பையோடு ஊறிய வெள்ளரி, கறுத்த ரொட்டி ஆகியவற்றோடு சேரும். ரஷ்யர்கள் இந்தத் தொடுகறிகளை ‘சக்கூஸ்கி’ என்பார்கள். வெறும் வயிற்றில் குடிப்பதை அவர்களே மதிப்பதில்லை. வார்சாவின் பிராகா பகுதியில் 1897-இல் கட்டிய பழைய வோட்கா ஆலையில் 2018-இல் திறந்த போலந்து வோட்கா அருங்காட்சியகம், மூலப்பொருளிலிருந்து புட்டி வரை காட்டி, முடிவில் சுவைத்துப் பார்க்கவும் இடம் தருகிறது. வெவ்வேறு விளைபொருளின் வோட்காவை அடுத்தடுத்து வைத்து வேறுபாட்டை முதன்முறை உணர விரும்பும் பயணிக்கு, கடைகளுக்குப் போகும் முன் இந்த ஆலையில் தொடங்குவது நல்லது.